தேயிலைக்கு ஓர் அறுவடைப் பாட்டு

1

இந்தக் கதை எனக்குப் பதுளை பஸ் நிலையத்தில் கிடைத்தது. லுணுகலைக்குப் போகிற பஸ் வரவில்லை. வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் வேறென்ன செய்வான், சுவரைப் படிப்பான். சுவரில் ஒரு விளம்பரம்: ஏதோ ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் நுண்கலையில் முதுகலைப் பட்டப் படிப்பு, விரும்புவோர் விண்ணப்பிக்கலாம். அதன் கீழ்ப்பாதியை மறைத்து, பசைகூடக் காயாமல், ஒரு மரண அறிவித்தல். ஒட்டியவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை போலும். பக்கத்தில் நின்ற மனிதர் இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்து வாசித்தார்: "நுண்கலையில் முதுகலைப் பட்டம் பெற விரும்புவோர்... இன்று மாலை பொது மயானத்தில் நல்லடக்கம் செய்யப்படுவர்." இருவரும் சிரித்தோம். பஸ் வந்தது. சிரிப்பு என்னோடு பஸ்ஸில் ஏறி லுணுகலை வரை வந்தது. இறங்கும்போது பார்த்தால் அது சிரிப்பாக இல்லை, கதையாக இருந்தது.

[அந்த மனிதர் அப்படி வாசிக்கவில்லை. நான்தான் மனதுக்குள் வாசித்தேன். ஆனால் முதல் பத்தியிலேயே எழுத்தாளன் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தால் நன்றாக இருக்காதே என்று ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்தினேன். இனி இப்படி ஆட்களை நிறுத்தும்போது சொல்லிவிடுகிறேன்.]

இன்றைக்கு நடப்பதாக எழுதினால் இன்றைக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதனால் 1912 என்று வைத்துக்கொள்வோம். ரயில் அப்புத்தளையைத் தாண்டிப் பண்டாரவளையோடு நின்றுவிடுகிற காலம். அந்தக் காலத்தில் பதுளையில் இப்படி ஒரு கல்லூரி இருந்ததா, அதில் இசைக்கு மேற்பட்டம் கொடுத்தார்களா என்று பேராசிரியர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். இருக்கவில்லை. நான் இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலைகளின் மடியில் வெண்பனி தவழ்ந்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில்..."

வேண்டாம். மலைநாட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியைத்தான் முதலில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பனிக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்:

"கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையாதலால் கதிர்காமநாதன் என்று பெயர் சூட்டப்பட்ட அக்குழந்தை..."

இதுவும் வேண்டாம். பிறப்பிலிருந்து ஆரம்பித்தால் அவன் பட்டம் வாங்குவதற்குள் எனக்குக் காகிதம் தீர்ந்துவிடும். நேரே கடைக்குப் போவோம்.

பதுளைக் கடைவீதியில் வடிவேல் பிள்ளையின் கடை. வாசலில் காய்ந்த மிளகாய் மூட்டைகள். உள்ளே அரிசி, கருவாடு, தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போர்த்திக்கொள்கிற கம்பளிகள். வடிவேல் பிள்ளையின் ஒரே மகன் கதிர்காமநாதன். சின்ன வயதிலேயே மிஷன் விடுதியில் சேர்ந்து, பி.ஏ. முடித்து, இப்போது அதே மிஷன் கல்லூரியில் இசையில் மேற்பட்டம் படித்துக்கொண்டிருப்பவன். குன்றின்மேல் ஓட்டுக் கூரை போட்ட கட்டடம் அந்தக் கல்லூரி. இசை மேற்படிப்பில் ஒரே மாணவன் அவன். ஆகவே வகுப்பில் முதல் இடமும் கடைசி இடமும் அவனுக்கே.

"பாட்டுப் பாடு, வேணாங்கல," என்றார் வடிவேல் பிள்ளை. "பாட்டுக்கு எதுக்குடா பட்டம்? குயிலுக்கு யாரு பட்டம் குடுத்தாங்க?"

"குயிலு ஆர்மோனியம் வாசிக்காதுப்பா."

"அதுக்கு அறிவு இருக்கு, வாசிக்கல."

முடிவில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. பட்டம் கிடைத்தால் கல்லூரி அவனை இசை ஆசிரியராக வைத்துக்கொள்ளும். அவன் வழியை அவன் பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மறுநாளே மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். மறுபேச்சு கிடையாது. கதிர்காமநாதனுக்கு மிளகாய் நெடி பட்டால் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். தும்முகிற கடைக்காரனிடம் யார் அரிசி வாங்குவார்கள் என்பது அவனுடைய கவலை. இது விளையாட்டுக்குச் சொன்னது. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் தான் ஒரு முழு மனிதன் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த இடம் போய்விட்டால் என்ன ஆவோம் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. இதைச் சொல்லும்போது நான் கேலி செய்யவில்லை.

3

வில்மட் பாதிரியார் அவனுடைய பேராசிரியர். நல்ல மனிதர். கதிர்காமநாதனை அவர் தம்முடைய ஜன்னல் என்று சொல்லுவார். "இந்த நாட்டு மக்களைப் பார்க்க எனக்கு நீதான் ஜன்னல்." (அவர் சொன்னது ஆங்கிலத்தில். இவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதையெல்லாம் நான் தமிழில் தருகிறேன். கதையின் கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் தர மாட்டேன்.)

ஒரு சாயங்காலம் இருவரும் லுணுகலைப் பாதையில் நடந்து போனார்கள். வளைவுக்கு அப்பால், தேயிலைச் சரிவின் மறுபக்கத்திலிருந்து, தப்பு மேளம் அடிக்கிற சத்தம் வந்தது. ஆட்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் துள்ளித் துள்ளி மேலே ஏறி வந்தது. பாதிரியார் கைத்தடியை அப்படியே நிறுத்தினார்.

"எவ்வளவு உற்சாகம்! என்ன மேளம் இது, கதிர்?"

கதிர்காமநாதனுக்குத் தெரியாது. செத்துப்போன ஜெர்மன்காரர்கள் எந்தெந்த ஊரில் பிறந்து எந்தெந்தச் சுருதியில் எழுதினார்கள் என்று அவனுக்குத் தெரியும். தன் அப்பாவின் கடையில் கம்பளி வாங்குகிறவர்கள் எதற்காக மேளம் அடிக்கிறார்கள் என்று தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் ஜன்னலாக இருக்கிறவன் தெரியாது என்று சொல்லலாமா? அப்புறம் அது சுவர் இல்லையா?

"அறுவடை ஆட்டம், ஐயா," என்றான். "தோட்டத்து மக்கள் அறுவடை முடிந்ததும் அடிப்பது. சந்தோஷத்தில்."*

பாதிரியாரின் கண் கலங்கிவிட்டது. "இதுதான், கதிர். உன் பட்டத்துக்கான இசை இதுதான். வருகிற அறுப்புப் பண்டிகையில் நம் தேவாலயத்தில் பாடுவோம். கொழும்பிலிருந்து பரீட்சகரை வரவழைக்கிறேன். இந்த மண்ணின் களிப்பை அவர் கேட்கட்டும்."

* தேயிலைக்கு ஏது அறுவடை? வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கிற செடி அது. அறுத்துக் கட்டிக் களத்தில் அடித்துக் கொண்டாட அதில் ஒன்றும் இல்லை. பாதிரியார் பொழுது விடிந்தால் தேயிலை குடிக்கிறவர்தான். ஆனால் குடிக்கிறவர்களுக்கு அதைப் பற்றித் தெரிய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். (இந்த நண்பர் உண்மையிலேயே இருக்கிறார்.) அவர் படித்துவிட்டு, "பதுளையில பொறந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சாவு மேளம் தெரியாதா? யாருகிட்ட கதை விடுறீங்க?" என்றார்.

ஆம், அது சாவு மேளம். நீங்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பீர்கள்.

கதிர்காமநாதனுக்காக நான் வாதாடிப் பார்த்தேன். அவன் வளர்ந்தது மிஷன் விடுதியில். கடைவீதியில் பாடை வந்தால் கடைக்காரர்கள் பலகைக் கதவைப் பாதி சாத்தி, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள். அவர்கள் குடும்பத்துச் சாவில் சங்கும் சேகண்டியும்தான். தவிரவும், அந்த மேளத்தைக் கேட்டால் சாவு என்றே தோன்றாது. முன்னால் இளவட்டங்கள் ஆடிக்கொண்டு போவார்கள். கேட்கிற காலும் தானாகத் தாளம் போடும்.

"நம்புற மாதிரி இல்ல," என்றார் நண்பர்.

எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. கதிர்காமநாதனின் மனதில் எங்கோ ஒரு மூலையில் ஒரு சின்ன உறுத்தல் இருந்திருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு பெரிய மனிதர் உங்களையே நம்பி, உங்களுக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

5

ஒரு பொய் சொன்னால் அதற்குப் பாட்டெழுத வேண்டியிருக்கும் என்று கதிர்காமநாதன் எதிர்பார்க்கவில்லை. எழுதத் தொடங்கிய பிறகு பொய் என்பதே மறந்துவிட்டது. முதல் பாகம் அமைதியான ஜெபம். இரண்டாம் பாகம் களிப்பு: பாடகர் குழு நான்கு குரலில் பாட, கீழே அந்த மேளம். பொய்யிலிருந்து வந்தது என்பதற்காக அது மோசமான இசையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அப்படி அமையவில்லை. நன்றாகவே இருந்தது.

தேவாலயத்தில் தப்பு அடிக்கப் பாதிரியார் சம்மதித்தாலும் பாதிரியாரின் மனைவி சம்மதிக்கவில்லை. அதனால் பாண்டு வாத்தியத்துப் பெரிய டிரம்மே போதும் என்று முடிவாயிற்று. அதை அடிக்கக் கடைவீதித் தையற்காரர் ஸலீம் வந்தார். கல்யாணங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் பாண்டு அடித்துக் கை பழகியவர். ஒத்திகையில் தாளத்தைக் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இத எங்கயோ கேட்டிருக்கேன், தம்பி."

"எங்க?"

"அதுதான் நெனப்பு வரல. கேட்டப்ப நடந்துக்கிட்டு இருந்தேன். எனக்கு முன்னால நெறையப் பேரு நடந்தாங்க."

"அறுவடை ஊர்வலம்," என்றான் கதிர்காமநாதன்.

"பூவெல்லாம் எறைச்சுக்கிட்டே போனாங்க."

"அறுவடைல பூ எறைப்பாங்க."

"அப்படியா?" என்று ஸலீம் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அடித்தார். கதிர்காமநாதனின் காதுமடல் சூடாகியிருந்தது. அதை அவன் ஒத்திகைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

6

இராக்கம்மாவை நான் முன்பே கதைக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். கேலி செய்துகொண்டே வந்ததில் அவளை உள்ளே அழைக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இந்தப் பகுதியில் கேலி இல்லை. அவசரக்காரர்கள் ஏழுக்குப் போகலாம். ஆனால் போனால் ஏழு புரியாது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள் இராக்கம்மா. அந்த வருஷத் தொடக்கத்தில் அவர்கள் லயத்தில் வாந்திபேதி வந்தது. வரிசை வீடுகளைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அவள் புருஷன் கந்தப்பன் முந்தின நாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் மற்றவர்களோடு வரிசையில் நின்றவன், மறுநாள் இல்லை. உடனே எடுக்க வேண்டும், கூட்டம் கூடாது, மேளம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள்.

கங்காணி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தம் போடாத ஆத்தா. நீ அழுதா ஆளு கூடும். ஆளு கூடுனா இன்னும் யாரு போவாங்கன்னு தெரியாது."

இராக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள். வேலைக்குப் போனாள். அப்போதும் அவள் அழவில்லை. அடுத்த அறைக்காரி பெரியாயி, "அழுதுரு புள்ள, நெஞ்சு அடைச்சுக்கும்," என்று சொல்லிப் பார்த்தாள். "தப்புச் சத்தம் இல்லாம எப்படிக்கா அழுகிறது?" என்றாள் இராக்கம்மா. அழுவதற்கு ஒரு முறை இருந்தது. மேளம் அடிக்க வேண்டும். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார வேண்டும். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கூடவே போக வேண்டும். மூலையில் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவர்கள் அழுகைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெரியாயியின் மகள் பதுளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மகளைப் பார்க்க வந்த பெரியாயி இராக்கம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கே வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரக் கோயிலில் பாட்டு இருக்கிறது, முடிந்ததும் எல்லோருக்கும் பணிஸ் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோவை நான்தான் நிறுத்தினேன்.

7

அறுப்புப் பண்டிகை. பீடத்தின் முன்னால் பூசணிக்காய், வாழைக்குலை, நெற்கதிர்க் கட்டு, ஒரு கூடைத் தேயிலைக் கொழுந்து. முன்வரிசையில் கொழும்புப் பரீட்சகர், கையில் பென்சில். பின்வரிசையில் வடிவேல் பிள்ளை, மடியில் குடை. பெருமாள் கோயிலுக்கு வந்தவர் மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார். அவருக்கும் பின்னால், தரையில், தோட்டத்துப் பெண்கள்.

ஜெபம் முடிந்தது. பரீட்சகர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். இரண்டாம் பாகம். கதிர்காமநாதன் ஆர்மோனியத்திலிருந்து தலையை ஆட்டினான். ஸலீம் அடித்தார்.

முதல் சுற்று முடிவதற்குள் வடிவேல் பிள்ளை எழுந்து நின்றார். தலைப்பாகையைக் கழற்றினார். பழக்க தோஷம், யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் அவர் அப்படித்தான் நிற்பார். அடுத்த கணம், தான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, மகனைப் பார்த்தார். மகனும் அவரைப் பார்த்தான். அப்பாவின் கையில் இருந்த தலைப்பாகையைப் பார்த்ததும் கதிர்காமநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூலையில் இருந்த உறுத்தல் நடுவீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. விரல்கள் மட்டும் பழகிய வழியில் ஓடின.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"மலை மேல போனவரே, மழைக்கும் திரும்பலையே,
கம்பளியக் கையில் வச்சுக் காத்துக்கெடந்து நிக்கிறனே..."

இராக்கம்மா எடுத்துக் கொடுக்க, பெரியாயி அவள் தோளில் கையைப் போட்டாள். அவள் தோளில் இன்னொருத்தி. வட்டம் சேர்ந்துவிட்டது. பாடகர் குழு திணறிப் பாதிரியாரைப் பார்த்தது. பாதிரியார் நடப்பது புரியாமல், நிறுத்தாதீர்கள் என்று கையைக் காட்டினார். மேலே களிப்பு, கீழே சாவு. இரண்டும் ஒரே சுருதியில் வந்து சேர்ந்தன. அது எப்படிச் சேர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இசை தெரியாது. ஸலீமுக்கு இப்போது எங்கே கேட்டது என்று நினைவு வந்துவிட்டது. பாதியில் நிறுத்தக்கூடாத மேளம் இது என்பதும் கூடவே நினைவு வர, கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

இராக்கம்மா அழுதாள். கயிறு கட்டிய நாளிலிருந்து நெஞ்சில் நின்றதையெல்லாம் அழுது தீர்த்தாள்.

8

பாட்டு முடிந்ததும் பரீட்சகர் வெளி முற்றத்துக்கு ஓடாத குறையாக வந்தார்.

"துக்கத்தையும் களிப்பையும் ஒன்றாகக் கோத்திருக்கிறீர்களே! இத்தனை வருஷத்தில் நான் இப்படிக் கேட்டதில்லை. பின்னால் வந்த அந்தப் பெண்களின் பகுதி, அதையும் நீங்கள்தான் எழுதினீர்களா?"

கதிர்காமநாதன் என்ன சொன்னான்? இங்கேதான் நான் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டேன். எழுதிக் கிழித்தவற்றில் இரண்டை உங்களுக்குக் காட்டுகிறேன்.

முதல் முடிவு: "ஆம், ஐயா," என்றான். பட்டம் கிடைத்தது. அவனுடைய அறுவடைப் பாட்டு ஊரெங்கும் பேர்பெற்றது. அடுத்த வருஷம் கல்லூரி தோட்டங்களுக்கு ஆள் அனுப்பியது: அறுப்புப் பண்டிகைக்கு அழுவதற்குப் பெண்கள் தேவை, பணிஸ் உண்டு. வந்தவர்கள், "எவ்வளவு நேரம் அழணுங்க? தேத்தண்ணி முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்க...

இதை எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இராக்கம்மாவும் அந்த வரிசையில் நிற்பாள் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாம் முடிவு: அவன் தலைநிமிர்ந்து, "இல்லை ஐயா, நான் அறியாமையால் பொய் சொன்னேன்," என்றான். அப்பா ஓடி வந்து கட்டிக்கொண்டார். மறுநாள் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் அவன் தும்மிய தும்மலில் ஒரு நிம்மதி...

இதை எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அதனால்தான் சந்தேகப்பட்டேன். ஒரு பிள்ளை தன் வாழ்க்கை முழுவதையும் பறிகொடுத்துவிட்டு நிம்மதியாகத் தும்முவானா? அது என்னுடைய நிம்மதி. அவன் தலையில் கட்டப் பார்த்தேன்.

மூன்றாவதாக ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது இராக்கம்மா முற்றத்துக்கு வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை.

9

பணிஸைத் தின்னாமல் முந்தானையில் முடிந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. நடையில் மட்டும் பாரம் இறக்கி வைத்த லேசு. பக்கத்தில் பெரியாயி. இராக்கம்மா நேரே கதிர்காமநாதனிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லா இருக்கணும், ஐயா. எங்க ஆளுக்கு மேளம் அடிச்சு வச்சீங்க. மேளமில்லாமப் பொதைச்ச சேதி இந்தக் கோயில் வரைக்கும் எப்படி வந்துச்சோ, எனக்குத் தெரியல. யாரும் செய்யல, நீங்க செஞ்சீங்க."

கதிர்காமநாதனுக்கு தான் செய்யாத ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி வாங்கிக்கொண்டு நிற்பது, பிடிபட்டு நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. "அது வந்து, நான்..." என்று தொடங்கினான். தெரியாமல் அடித்தோம் என்று சொன்னால் இவளுக்குக் கிடைத்த அந்த ஒரு சாவுச் சடங்கையும் பிடுங்கியதாக ஆகும். வாயை மூடிக்கொண்டான்.

பரீட்சகர் ஆவலாக முன்னால் வந்தார். "என்ன சொல்கிறாள்? அந்தப் பகுதியை அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்."

"கேள், கதிர்," என்றார் பாதிரியார். ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்.

"தொரை கேக்குறாரு," என்றான் கதிர்காமநாதன். "அந்தப் பாட்ட உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு."

இராக்கம்மா அவனை வியப்பாகப் பார்த்தாள். "யாருங்க சொல்லிக் குடுப்பா? எம் புருசன் வாந்திபேதில போயிட்டாரு. அழாதன்னாங்க, அழல. இன்னைக்கு மேளம் கேட்டுச்சு, அழுதேன். அவ்வளவுதாங்க. தொரைக்கு இத அப்படியே சொல்லுங்க."

"சரி, சொல்றேன்."

"அவரு பேரையும் சேத்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அவள் பெரியாயியின் பக்கம் திரும்பினாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. அவன் செத்த பிறகும் இல்லை. அவனுக்காக அழுத அழுகையில்கூட அந்தப் பேர் வரவில்லை. "அக்கா, நீ சொல்லு."

"கந்தப்பன்," என்றாள் பெரியாயி.

"அந்தப் பேருதாங்க," என்றாள் இராக்கம்மா. "அதத் தொரைகிட்டச் சொல்லுங்க."

கதிர்காமநாதன் பரீட்சகரின் பக்கம் திரும்பினான். வாசல் தூணருகே வடிவேல் பிள்ளை குடையை ஊன்றி நிற்கிறார். அவர் ஏதாவது பேசியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேர் இல்லாமல் அந்த வாக்கியத்தைச் சொல்ல நல்ல வழி இருக்கிறது. 'இது இந்த மக்களின் பழைய பாட்டு, ஐயா. என் இசைக்குள் சேர்த்துக்கொண்டேன்.' பெரிய பொய்கூட இல்லை. பட்டம் கிடைக்கும், பாதிரியார் சந்தோஷப்படுவார், இராக்கம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கந்தப்பன் என்ற பேர் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால், யார் அவர் என்று பரீட்சகர் கேட்பார். அப்புறம் வாந்திபேதி வரும், சாவு வரும், எந்த மேளம் எதற்கு என்று வரும். லுணுகலைப் பாதையில் சொன்னது வரும். அதற்குப் பிறகு பட்டமும் ஆர்மோனியமும் இருக்காது.

அவன் வாயைத் திறக்கிறான்.

நான் சொல்லியிருந்தேனே, ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் தர மாட்டேன் என்று. அது இதுதான். அவன் ஆங்கிலத்தில் சொன்னான், நான் தமிழில் எழுதுகிறவன் என்று சாக்குச் சொல்லலாம். அதெல்லாம் இல்லை. எனக்குத் துணிவு இல்லை. எந்தப் பக்கம் எழுதினாலும் ஒருவருடைய முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். நீங்கள் படித்தவர்கள், ஒரு வாக்கியத்தை மொழிபெயர்ப்பது உங்களுக்குப் பெரிய காரியம் இல்லை. இராக்கம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த மொழியில் அவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒரு பேர் வருகிறதா இல்லையா என்று அவளால் கேட்க முடியும்.

சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், அவளுக்குக் கேட்க வேண்டும்.